நான் வரைந்த கரை

காலைக்காரிக்கு,

இந்த நேரத்தில் எழுதுவதற்குப் பொறுத்துக்கொள். ஊர் அடங்கிவிட்டது. பாப்பா கதை கேட்டு, தண்ணீர் கேட்டு, மறுபடியும் கதை கேட்டு, இப்போதுதான் கண் அசந்தாள். பகலில் எழுதலாம் என்றால் எஸ்டேட் லைன் வீட்டுப் பெண்கள் யாராவது எட்டிப் பார்த்து, "யாருக்குங்க அக்கா காயிதம்?" என்று கேட்பார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் செத்துப்போனவளுக்கு என்று எப்படிச் சொல்வது? நாம் எழுதிக்கொண்ட நாளில் இந்தச் சங்கடமெல்லாம் இல்லை. நீ காலையில் எழுதி வைத்துவிட்டுப் போவாய். நான் மத்தியானம் வந்து படித்துவிட்டுப் பதில் எழுதுவேன். நீ காலைக்காரி, நான் மத்தியானக்காரி. பெயர் போட்டு எழுதிக்கொண்டதாக நினைவே இல்லை.

கோபத்தோடுதான் எழுதுகிறேன். யார்மேல் கோபம் என்று சொல்லிக்கொண்டே போனால் கடைசியில் நானும் வருவேன். அதையும் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

இன்று மத்தியானம் அலமாரித் தட்டில் விரிக்க ஏதாவது கிடைக்குமா என்று டிரங்குப் பெட்டியைக் கிளறினேன். அடியில் நம் ஆபீஸ் டிரேசிங் ஷீட் ஒன்று சுருட்டிக் கிடந்தது. ஆபீசைக் காலி செய்த அன்று, கிழியாது, நனையாது, வீட்டுக்கு ஆகும் என்று நான் தூக்கி வந்த சுருளில் மிச்சம். பிரித்தவுடன் அந்த வாசனை அடித்தது. படம் வைக்கும் அலமாரிக்குள் பூஞ்சை பிடிக்காமலிருக்க இரவும் பகலும் ஒரு குண்டு பல்பு எரியவிட்டிருப்போமே, அந்தச் சூட்டில் வெந்த காகித வாசனை. பாப்பா என் கையிலிருந்து பிடுங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

"அம்மா, இங்க யாரோ கிறுக்கி வெச்சிருக்காங்க."

"அது கோடு கண்ணு. அம்மா போட்ட கோடு."

"கோடு இல்லம்மா. எழுத்து."

ஆமாம். எழுத்துதான். சிவப்பு பென்சிலால் அழுத்தி எழுதிய எழுத்தை ரப்பரால் அழித்தால் நிறம் போய்விடும், பள்ளம் போகாது. வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால் ஒவ்வொரு எழுத்தாக எழும்பி வருகிறது. "வேலி மரம். கவாத்து இல்லை. பத்தடி எச்சு. இது மண் இல்லை." உன் கையெழுத்து. அழித்தது நான்.

அதைப் பிடித்தபடி எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. பாப்பா முந்தானையை இழுத்து இழுத்துச் சலித்துப்போய் விளையாடப் போய்விட்டாள்.

நாம் சேர்ந்த முதல் வாரத்தை நினைத்துப் பார்க்கிறேன். ஏரிக்கு மேலே வாடகைக்கு எடுத்த பழைய பங்களாவில் இரண்டு அறை. மலையில் பெய்கிற மழை எந்த வழியாக இறங்கும், எங்கே தேங்கும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுச் சொல்வதுதான் திட்டம். அதற்கு முதலில் மலையின் உருவம் வேண்டும். மலையையா தூக்கிக்கொண்டு போக முடியும்? விமானத்திலிருந்து எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள் வந்தன. ஒரே இடத்தைச் சற்றுத் தள்ளித் தள்ளி எடுத்த இரண்டு படங்களை அருகருகே வைத்து, ஸ்டீரியோ என்று நாம் சொன்ன அந்த நாலுகால் கண்ணாடி வழியாகப் பார்க்க வேண்டும். முதலில் இரண்டு இரண்டாகத் தெரியும், தலை வலிக்கும், கண்ணில் தண்ணீர் வரும். பிறகு திடீரென்று இரண்டும் ஒன்றாகி மலை மேலே எழும்பும். உனக்கு அது எழும்பிய நாளன்று நான் பக்கத்தில்தான் இருந்தேன். "ஆத்தாடி, பூரி மாதிரி உப்புதுடி!" என்று கத்தினாய். அடுத்த அறையிலிருந்து, திட்டத்தை நடத்திய நம் சார் எழுந்து வந்து, "இது கவர்மெண்ட் ஆபீஸ்மா, ஓட்டல் இல்ல," என்றார். அவர் திரும்பியதும், "உப்பினத உப்புதுன்னுதானே சொல்ல முடியும்," என்று வாய்க்குள் சொன்னாய்.

ஸ்டீரியோ ஒன்றே ஒன்றுதான். ஆள் இரண்டு. உன் ஊர் செம்மநத்தத்துக்குப் போகும் ஜீப் மத்தியானத்தோடு சரி என்பதால் நீ காலை வேலை. அடிவாரத்திலிருந்து பஸ் ஏறி வரும் நான் மத்தியானம். நடுவில் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கும் அரைமணி நேரம்தான் இருவரும் முகம் பார்த்துப் பேசுவது. மற்றதெல்லாம் அந்த நீலக் குறிப்பேட்டில். "ஏழாம் படத்தில் நிழலைப் பள்ளம் என்று போட்டுவிட்டாய், பார்." "பார்த்தேன், திருத்தினேன். நாளைக்கு ஊறுகாய் கொண்டு வா." ஒவ்வொரு குறிப்புக்கும் கீழே, பதில் எழுது, என்று போடுவது உன் பழக்கம். பதில் தேவையில்லாத சங்கதிக்கும் போடுவாய்.

எழும்பிய மலையின்மேல் ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களையெல்லாம் சேர்த்துக் கோடு இழுப்போம். அந்த ஷீட்டைச் சுருட்டி, மூடுபனி பட்டு நனையாமல் பிளாஸ்டிக் பையில் போட்டு, இருபது கொண்டை ஊசி வளைவும் மடியில் அணைத்தபடி நான் இறங்குவேன். சேலத்தில் ஒரு கல்லூரிக் கம்ப்யூட்டரில் கோடுகளை ஏற்றி, நிலத்தைச் சின்னச் சின்னக் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் உயரம் கொடுத்து, மேலேயிருந்து தண்ணீர் ஊற்றுவார்கள். கணக்குத் தண்ணீர்தான். ஒரு கட்டத்துத் தண்ணீர், சுற்றியிருக்கும் கட்டங்களில் எது தாழ்ந்ததோ அங்கே போகும். அங்கிருந்து அடுத்தது. கறுப்புத் திரையில் பச்சைப் புள்ளிகள் ஊர்ந்து ஊர்ந்து இறங்கும். முதல் தடவை பார்த்தபோது எனக்கு மெய் சிலிர்த்தது. நாம் கண்ணால் தடவி எடுத்த மலையில் தண்ணீர் ஓடுகிறதே என்று.

ஆனால் கண்ணாடி வழியாகத் தெரிவது மண் இல்லை, மரத்தின் தலை. காப்பித் தோட்டம் முழுக்க நிழலுக்கு வைத்த சில்வர் ஓக் மரங்கள் மூடிக் கிடக்கும்போது தரை எப்படித் தெரியும்? அதற்குச் சார் ஒரு வழி சொன்னார். காப்பிக்கு வெயில் இறங்க வேண்டும் என்று நிழல் மரங்களை வருஷா வருஷம் கவாத்து செய்து ஒரே உயரத்தில் நிறுத்துகிறார்கள் அல்லவா, அந்த உயரத்தை எல்லா இடத்திலும் கழித்துவிடுங்கள், மிச்சம் நிலம். அதன்படி முப்பது அடி கழித்தோம். எனக்கு அது புத்திசாலித்தனமாகத்தான் பட்டது. கணிதத்தில் பட்டம் வாங்கியவளுக்குக் கழித்தல் சரியாக இருந்தால் போதும்.

உங்கள் ஊருக்கு மேலே இருக்கிற எஸ்டேட்டை வரைந்தவள் நான். ஓடைச் சரிவு முடியும் இடத்தில், எஸ்டேட் எல்லையை ஒட்டி, நீளமாக ஒரு மேடு தெரிந்தது. முப்பது கழித்த பிறகும் பத்தடி மிச்சம் நின்றது. மண்கரை என்று வரைந்தேன். கோடு எவ்வளவு அழகாக வந்தது என்று எனக்கே பெருமை. சேலத்தில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தபோது பச்சைப் புள்ளிகள் சரிவில் இறங்கி வந்து அந்தக் கரையில் முட்டி, இடது பக்கம் திரும்பி, எஸ்டேட்டின் பழைய கல் குழிக்குள் போய் அடங்கின. கரைக்குக் கீழே இருந்த சமதளம் பொட்டுத் தண்ணீர் இல்லாமல் கிடந்தது. பாதுகாப்பான இடம் என்று சார் அங்கே பச்சை மை பூசினார்.

மறுநாள் நாம் சந்திக்கும் அந்த அரைமணி நேரத்தில் நீ என் சோற்றுப் பொட்டலத்தை நகர்த்திவிட்டு ஷீட்டை விரித்தாய்.

"ஏண்டி அடிவாரத்துக்காரி, எங்க ஊர்ல இந்தக் கரைய எப்பக் கட்டினே?"

"படத்துல இருக்கு, நான் வரைஞ்சேன்."

"இருக்கறது வேலி மரம்டி. காத்துத் தடுப்புக்கு எல்லையில ஒரு வரிசை உடுவாங்க. அதுல யாரும் கத்தி வெக்க மாட்டாங்க. என்ற அப்பா அந்த எஸ்டேட்ல இருவது வருசமா கவாத்துக்கு ஏறறாரு. உள்ள இருக்கற மரமெல்லாம் அவரு கழிச்சது. எல்லை மரத்துல அவரு காலே வெச்சதில்ல. அது பத்தடி எச்சா வளந்து நிக்குது. நீ எல்லாத்துக்கும் முப்பது கழிச்சே. அந்தப் பத்தடி மண்ணா போச்சு."

எனக்குப் புரியாமலில்லை. புரிந்த உடனேயே முகம் சுட்டது. "அளந்தியா?" என்று கேட்டேன். வேறு எதைக் கேட்பது என்று தெரியாமல்.

அதற்காகவே நீ அந்த ஞாயிற்றுக்கிழமை உன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு மூங்கில் கழியோடு போய் அளந்தாய். உள்மரம் முப்பது. எல்லை மரம் நாற்பது. கீழே மண் தட்டையாக, கையை வைத்தால் சமமாக இருந்தது என்று குறிப்பேட்டில் எழுதினாய். "அந்தச் சமதளம் எதுக்குச் சமமா இருக்குன்னு அப்பாகிட்ட கேட்டேன். அது தண்ணி வந்து படுக்கற எடம் சாமீங்கறாரு. ஆடி பொறந்தா அங்க மாடுகூடக் கட்ட மாட்டோம்." அதற்குக் கீழே வழக்கம்போல: பதில் எழுது.

சாரிடம் நாம் இருவருமாகப் போய் நின்றோம். நீதான் பேசினாய்.

"சார், எங்க ஊர்த் தண்ணி இப்படித் திரும்பாதுங்க."

அவர் சிரித்தார். "கம்ப்யூட்டருக்கு உங்க ஊரும் தெரியாது, என் ஊரும் தெரியாதும்மா. அது கணக்கு மட்டும்தான் பார்க்கும்."

"கணக்குக்குக் குடுத்த உருவமே தப்புங்களே சார். பல்லில்லாத வாய்க்குப் பல்லு வரைஞ்சு குடுத்தா அது கடிக்குதுன்னுதானே சொல்லும்?"

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "நீங்கதானே வரைஞ்சது? உங்களுக்குச் சந்தேகம் இருக்கா?"

இருந்தது. ஆனால் எல்லா எஸ்டேட்டுக்கும் ஒரே கழித்தல் போட்டிருக்கிறோம், ஓரிடத்தில் தப்பு என்றால் மொத்தத்தையும் திரும்ப வரைய வேண்டும், மாதக் கடைசிக்குள் மேலே அனுப்பியாக வேண்டும் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது. நான், "கண்ணாடியில அப்படித்தான் சார் தெரியுது," என்றேன். பொய் இல்லை. அதைவிட மோசமானது.

நீ மறுநாள் காலையில் சிவப்பு பென்சிலை எடுத்து என் அழகான கோட்டின்மேல் அந்த நாலு வரியை எழுதிவிட்டு ஜீப்புக்குப் போய்விட்டாய். மத்தியானம் சார் பார்த்தார். "அழிச்சிடுங்கம்மா. இதைப் பார்த்துதான் மேல அனுப்பற நகல் எடுக்கணும், கிறுக்கல் இருக்கக் கூடாது." நான் அழித்தேன். ரப்பர் தூளை ஊதித் தள்ளிவிட்டு, கையைக் கழுவிவிட்டு, பஸ் ஏறினேன்.

மறுநாள் குறிப்பேட்டில் நீ எழுதியிருந்தது இரண்டே வரி. "என் எழுத்தை அழித்துவிட்டாய். மரத்தை எதைக்கொண்டு அழிப்பாய்? பதில் எழுது."

நான் எழுதவில்லை. அந்தப் பக்கத்தைப் புரட்டி அடுத்த பக்கத்தில் வேறு எதையோ, பல்பு மாற்ற வேண்டும் என்றோ என்னவோ எழுதினேன். அந்த மாதத்தோடு திட்டம் முடிந்தது. ஆபீசைக் காலி செய்யும்போது நீலக் குறிப்பேட்டை எங்கே போட்டார்களோ, எனக்குக் கிடைத்தது ஷீட் சுருள்தான்.

அதற்குப் பிறகு நடந்ததை நீயே சிரித்துச் சிரித்துச் சொல்லியிருக்கிறாய். எனக்கு மாப்பிள்ளை பார்த்தது எந்த ஊரில் என்றால் செம்மநத்தத்தில். எந்த எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் என்றால் அதே எஸ்டேட்டில். நான் உன் ஊருக்கு வந்தபோது நீ ஆத்தூர்ப் பக்கம் வாக்கப்பட்டுப் போயிருந்தாய். சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு வந்தவள், கூட்டத்தில் என் தோளைத் தட்டி, "ஏனுங்க ரைட்டரம்மா, நீங்க கட்டின கரை சௌக்கியங்களா?" என்றாய். பாப்பாவைக் கையில் வாங்கி, "உங்கம்மா நொம்பக் கெட்டிக்காரி கண்ணு, மண்ணே இல்லாம கரை கட்டுவா," என்று கொஞ்சினாய். நானும் சிரித்தேன். கோபமில்லை உனக்கு என்று நினைத்துக்கொண்டேன். பிரியும்போது மட்டும், "பதில் இன்னும் வல்லையே," என்றாய். அடுத்த வருஷம் மஞ்சள் காமாலை. எனக்குத் தகவல் வந்தபோது அடக்கம் முடிந்திருந்தது.

இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். தெரியாததை இனிமேல்தான் சொல்லப்போகிறேன்.

ஊருக்குப் பால்வாடி கட்ட இடம் பார்த்தார்கள். எஸ்டேட்டில் காப்பிக்கு உதவாத சமதளம் ஒன்று இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் அங்கே பச்சை மை. அது தண்ணீர் வந்து படுக்கும் இடம் என்று எனக்குத் தெரியும். இவரிடம் சொன்னேன். "கரை இருக்குதுன்னு மேப்புல போட்டிருக்காங்களாமா?" என்றார். நான்தான் போட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. வேலி மரங்கள் வரிசையாக நின்றன, பார்க்கக் கரைபோலத்தான் இருந்தன, ஒருவேளை தண்ணீர் வராமலே போகலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போன வருஷம் எஸ்டேட்டில் அந்த எல்லை மரங்களை மொத்தமாக வெட்டி லாரியில் ஏற்றினார்கள். கட்டடம் ஜன்னல் மட்டம் வரை எழும்பியது. இந்த ஐப்பசியில் மூன்று நாள் மழை. தண்ணீர் சரிவில் இறங்கி வந்தது. முட்டுவதற்கு எதுவும் இல்லை. நேராக வந்து, உன் அப்பா சொன்ன இடத்தில் படுத்தது. பால்வாடித் தரையில் முழங்கால் அளவு சேறு. பாப்பாவின் இடுப்பளவு. நான் போய் அவளை நிறுத்திப் பார்க்கவில்லை. அங்கே நின்று மனதுக்குள் அளந்தேன், அவ்வளவுதான். கட்டி முடித்திருந்தால், அது பள்ளி நேரமாக இருந்திருந்தால் என்று எண்ணம் ஓட ஆரம்பித்து இன்றுவரை நிற்கவில்லை.

பத்து நாள் கழித்து அதிகாரிகள் ஜீப்பில் வந்தார்கள். முன்னால் இறங்கியது யார் தெரியுமா? அதே சார். இப்போது பெரிய பதவி. காதோரம் நரைத்திருக்கிறது, சிரிப்பு அப்படியே இருக்கிறது. வரைபடத்தை ஜீப்பின்மேல் விரித்துவிட்டு, நிலத்தைப் பார்த்துவிட்டு, மறுபடி வரைபடத்தைப் பார்த்தார். நான் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு பத்தடி தள்ளி நின்றேன். இப்போது ஒத்துக்கொள்வார், இப்போது ஒத்துக்கொள்வார் என்று காத்திருந்தேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா?

"இங்க இருந்த கரையை யாரோ வெட்டி எடுத்திருக்காங்க."

எனக்குக் காதில் சரியாக விழவில்லை என்று நினைத்தேன். அவர் விரலால் வரைபடத்தைத் தட்டினார். "பத்தடிக் கரை. சர்வே ஆன கரை. எங்க போச்சு? பக்கத்து நிலம் யாரோடது?"

பக்கத்து நிலம் உன் அப்பாவுடையது. சாமை விதைத்த அரை ஏக்கர்.

அவரை அழைத்து வந்தார்கள். கவாத்து மரத்திலிருந்து விழுந்ததில் ஒரு கால் தாங்கி நடக்கிறார் இப்போது. தலைத் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார்.

"மண்ணை எங்கய்யா கொண்டு போய் வித்தே?"

"எந்த மண்ணுங்க சாமி?"

"இங்க இருந்த கரை மண்ணு."

"ஏனுங்க, இல்லாத கரைய நான் எங்கீங்க வெட்டறது?"

பின்னால் நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். சாருக்கு முகம் சிவந்தது. "இந்தக் கிண்டலெல்லாம் நோட்டீசுக்குப் பதில் எழுதும்போது எழுது," என்றார். எழுதப் படிக்கத் தெரியாத மனிதரிடம்.

உன் அப்பா சுற்றிலும் பார்த்தார். பார்வை என்மேல் வந்தது. அவருக்கு என்னைத் தெரியும். உன்னோடு வேலை செய்தவள் என்று தெரியும். மூங்கில் கழியைப் பிடித்து உனக்கு அளந்து கொடுத்தவர் அவர். ஒரு கணம்தான். பிறகு கண்ணை எடுத்துக்கொண்டார். என்னிடம் கேட்கக் கூடாது என்று தீர்மானித்தவர்போல. கேட்டிருந்தால்கூட என் மனம் ஆறியிருக்கும்.

நான் பேசவில்லை. இரண்டாம் தடவை. சார் போகும்போது என்னைப் பார்த்து, "நீங்க யாரும்மா?" என்றார். "ரைட்டர் ஊட்டம்மாங்க," என்று யாரோ பதில் சொன்னார்கள். அவர் தலையசைத்துவிட்டு ஜீப்பில் ஏறினார்.

அவர் மறந்ததில் எனக்கு வயிறு எரிகிறது. ஒரு வருஷம் அவர் கண்ணெதிரில் கண் வலிக்க வலிக்க வரைந்தோம். எல்லா ஷீட்டிலும் கீழே அவர் பெயர். வரைந்தவர் என்று நம் பெயரைப் போட ஒரு கட்டம்கூட இல்லை. அது போகட்டும். ஆனால் காகிதத்தில் இருப்பது மண்ணில் இல்லையென்றால் காகிதம் தப்பு என்று அவருக்குத் தோன்றாது, மண்ணைத் திருடிவிட்டார்கள் என்று தோன்றுகிறது. இது எந்த ஊர் நியாயம்? இருநூறு அடி நீளக் கரையை, பத்தடி உயரத்தை, கால் தாங்கி நடக்கும் ஒருவர் மண்வெட்டியால் வெட்டி, யாருக்கும் தெரியாமல், எந்தத் தலையில் வைத்துக்கொண்டு போனார்? திருடன் என்று பெயர் கட்டினால் அவர் சாமை நிலத்தின் பட்டாவையும் நோண்டுவார்கள். அதோடு கரையைத் திரும்பக் கட்டிவிட்டால் பால்வாடியை அங்கேயே முடித்துவிடலாம் என்றும் பேச்சு. இல்லாத கரையைத் திரும்பக் கட்டுவது! வருகிற ஆனியில் பாப்பா அங்கேதான் உட்கார வேண்டும்.

நாளை மறுபடி வருகிறார்கள். கரையை வெட்டினேன் என்று எழுதிய தாளில் உன் அப்பாவிடம் கைநாட்டு வாங்க.

இன்று ஷீட்டை இவரிடம் காட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன். நான் வரைந்தது, நான் அழித்தது, நான் பேசாமல் நின்றது. அவர் ரொம்ப நேரம் ஷீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எடம் குடுத்தது எஸ்டேட். மேப் போட்டது கவர்மெண்ட். ரெண்டு பேரையும் தப்புன்னு சொல்லீட்டு நான் எங்க போயி ரைட்டர் வேலை பாக்கறது?"

"பாப்பாவ அங்கதானே உட்கார வைக்கப் போறீங்க?"

"வெக்க மாட்டேன். ஊட்லயே இருக்கட்டும்."

"மத்த புள்ளைங்க?"

அவர் சாப்பிட்டுப் படுத்துவிட்டார். ஆனால் சற்று முன் வாசற்கதவைத் தாழிடப் போனபோது பார்த்தேன். எஸ்டேட் ஸ்டோரில் இருக்கும் தண்ணீர் டியூப், கொத்தனார்கள் மட்டம் பார்க்க இரண்டு முனையையும் பிடிப்பார்களே, அந்த நீளமான டியூப், சுருட்டிக் கதவோரம் வைத்திருந்தது. நான் பாப்பாவுக்குக் கதை சொன்ன நேரத்தில் அவர்தான் எழுந்து போய் எடுத்து வந்திருக்க வேண்டும்.

அதனால் நாளை நான் பேசப்போகிறேன். என்ன பேசுவேன் என்பதை உனக்கு எழுதிக் காட்டுகிறேன். தப்பு இருந்தால் நீதான் எப்போதும் பிடிப்பாய்.

வெட்டிய சில்வர் ஓக் மரங்களின் அடிக்கட்டைகள் இன்னும் வரிசையாக நிற்கின்றன. சாயங்காலம் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு போய் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தேன். வேர் பிரியும் இடம் தரையோடு தரையாக இருக்கிறது. ஒரு கட்டையிலும் வேர் வெளியே தெரியவில்லை. கரை இருந்தது, அதன்மேல் மரம் நின்றது, கரையை யாரோ வெட்டினார்கள் என்றால் வேரெல்லாம் அந்தரத்தில் தொங்கியிருக்க வேண்டும், இல்லையென்றால் கட்டைகள் சாய்ந்து விழுந்திருக்க வேண்டும். கரைக்குப் பக்கத்தில் மரம் நின்றது என்று அவர் மாற்றிச் சொன்னால், கரை உச்சி ஓடும் அதே கோட்டில்தான் இந்தக் கட்டைகள் நிற்கின்றன என்று அவர் வரைபடத்தையே காட்டுவேன். டியூப்பின் ஒரு முனையை முதல் கட்டையின் வேரடியிலும் மறு முனையைக் கீழே சமதளத்திலும் பிடித்து, தண்ணீர் நிற்கும் மட்டத்தை எல்லாரையும் பார்க்கச் சொல்வேன். அப்படியே வரிசை முழுக்க. எந்தக் கம்ப்யூட்டரும் வேண்டாம், தண்ணீரே சொல்லட்டும். பிறகு ஷீட்டைச் சாய்த்துப் பிடித்து உன் எழுத்தை அவரையே வாய்விட்டுப் படிக்கச் சொல்வேன். பத்தடி. அவர் கரையும் பத்தடி.

அப்புறம், "சார், அந்தக் கரையை வரைந்தது நான். அழிக்கச் சொன்னது நீங்கள். திருடியது யாரும் இல்லை," என்று சொல்வேன். எழுதுவதற்குச் சுலபமாக இருக்கிறது. பாப்பா என் இடுப்பில் இருக்கக் கூடாது நாளை. இருந்தால் அவளைச் சாக்கு வைத்து மறுபடி வாய் மூடிக்கொள்வேன்.

உன் கேள்வி இத்தனை வருஷமாக என்னிடமே இருக்கிறது. சோறு வடிக்கும்போது, பாப்பாவுக்குத் தலை வாரும்போது, பஸ் வளைவில் திரும்பும்போதெல்லாம் நெஞ்சில் இடறும். மரத்தை எதைக்கொண்டு அழிப்பாய்? மரத்தை லாரிக்காரர்கள் அழித்துவிட்டார்கள். நான் அழிக்க வேண்டியது என் கோட்டை. அதுதான் பதில். தாமதமாகிவிட்டது, தெரியும்.

ஒரே ஒரு சந்தேகம் மட்டும் இருக்கிறது. கடைசியில், கல் குழிப் பக்கம் இருக்கிற நாலு கட்டைகளில் மண் கொஞ்சம் உயர்ந்து தெரிகிறது. மழை கொண்டுவந்து சேர்த்த வண்டல் என்று நினைக்கிறேன். நீ அளந்த அன்று அங்கே எப்படி இருந்தது? அவர் அதைப் பிடித்துக்கொண்டு, கரையின் மிச்சம் பாருங்கள் என்று சொன்னால் நான் என்ன சொல்ல வேண்டும்? உனக்கும் உன் அப்பாவுக்கும்தான் தெரியும். விடிந்ததும் முதல் வேலையாக அவர் வீட்டு வாசலில் போய் நின்று, நான் வாயைத் திறந்து அவரிடம் கேட்கிறேன். உன்னிடமும் கேட்டு வைக்கிறேன்.

ஜீப் பதினோரு மணிக்கு வரும். சீக்கிரம் பதில் எழுது.

மத்தியானக்காரி